பேஸ்மேக்கர் பொருத்தியும் மூச்சு வாங்குகிறதா? அறிகுறியைப் பிடித்து அமைப்பைச் சரிசெய்யும் வழிமுறை

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குச் சைக்கிளில் போகிற யாருக்கும் அரியாங்குப்பம் பாலம் ஒரு மேடாகவே தோன்றாது. பேஸ்மேக்கர் பொருத்திய நான்காவது மாதம், அந்தப் பாலத்தின் பாதியில் நான் இறங்கிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று, மணிக்கட்டில் நாடியை எண்ணினேன். நிமிடத்துக்கு 66. மூச்சு இரைத்தது, தொடை கனத்தது. இதயம் மட்டும் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் பெரியவரைப் போல நிதானமாக இருந்தது. மெஷின் பழுதாகவில்லை. அதற்கு என்ன சொல்லி வைத்திருந்தார்களோ அதை அது ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. சொல்லி வைத்திருந்ததுதான் எனக்குப் பொருந்தவில்லை.

இதயத்தைச் சீராகத் துடிக்க வைக்கும் இந்தக் கருவியைப் பொருத்திக்கொள்பவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். கம்பெனியிலிருந்து வரும்போதே அதில் பதிந்திருக்கும் அளவுகள், வீட்டுக்குள் நடந்து, மாலையில் கோயிலுக்குப் போய்வரும் ஒருவருக்குப் போதுமானவை. சைக்கிள் மிதிப்பவருக்கும், ஷட்டில் ஆடுபவருக்கும், தேவனாம்பட்டினத்தில் வலை இழுப்பவருக்கும் அவை போதாமல் போகலாம். அந்த அளவுகளைக் கத்தியே படாமல், மார்பின் மேல் ஒரு கருவியை வைத்து வெளியிலிருந்தே மாற்ற முடியும். எதை மாற்ற வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க மருத்துவருக்குத் தேவைப்படுவது உங்கள் அறிகுறி. அதுவும் எப்போது, என்ன செய்துகொண்டிருந்தபோது, நாடி எத்தனை என்ற விவரங்களோடு. "டயர்டா இருக்கு டாக்டர்" என்று மட்டும் சொன்னால் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பார்கள்; அவர்களைக் குறை சொல்ல முடியாது.

முதலில், காத்திருக்கக் கூடாதவை. மயக்கம் போட்டு விழுந்தாலும், விழப்போகும் அளவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தாலும், ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சு வலி வந்தாலும், கருவியின் அடையாள அட்டையில் உள்ள கீழ் எல்லையைவிட (நாடி அதற்குக் கீழே போகாமல் கருவி பார்த்துக்கொள்ளும் எண்) நாடி வெகுவாகக் குறைந்து அதோடு தலையும் சுற்றினாலும், அமைப்பைப் பற்றி யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள். கருவி வைத்த இடம் சிவந்து, சூடாகி, வீங்கி, நீர் வடிந்தால் அன்றைக்கே போக வேண்டும். அந்த வீக்கத்தில் ஊசி போட்டு நீர் எடுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். உள்ளே இல்லாத கிருமியை ஊசியே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

தொடங்குவதற்கு முன்

அடையாள அட்டையையும், கடைசியாகச் செய்த செக்கிங்கின் அச்சுத்தாளையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்றைத் தேடுங்கள்: கீழ் எல்லை, மேல் எல்லை (அதற்கு மேல் கருவி துடிப்பை ஏற்றாத எண்), முறை. பெரும்பாலும் கீழ் எல்லை 60 ஆகவும், மேல் எல்லை 120 அல்லது 130 ஆகவும் இருக்கும். முறை என்பது டி.டி.டி., டி.டி.டி.ஆர்., வி.வி.ஐ. போன்ற எழுத்துகள். முதல் எழுத்து இதயத்தின் எந்த அறையைத் துடிக்க வைக்கிறது, இரண்டாவது எந்த அறையின் துடிப்பைக் கவனிக்கிறது, மூன்றாவது கவனித்ததற்கு எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் குறிக்கும். நான்காவதாக ஆர் என்ற எழுத்து இருந்தால், உடலின் உழைப்புக்கு ஏற்பத் துடிப்பைக் கூட்டும் வசதி திறந்திருக்கிறது என்று பொருள்.

நாடியைக் கையால் எண்ணப் பழகுங்கள். ஓய்வில் முழு நிமிடமும், உழைப்பின் நடுவில் நின்றவுடன் 15 நொடியும் எண்ணி நான்கால் பெருக்கினால் போதும். கைக்கடிகாரத்தை மட்டும் நம்ப வேண்டாம். இடையிடையே முன்கூட்டி வரும் கூடுதல் துடிப்புகள் மணிக்கட்டு வரை வந்து சேரும் வலிமை இல்லாதவை என்பதால், கடிகாரமும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் சில நேரம் 70-ஐ 35 என்று காட்டிக் குடும்பத்தையே கலங்கடித்துவிடும்.

மேடு ஏறும்போதோ, சைக்கிள் மிதிக்கும்போதோ மூச்சு வாங்குகிறது. நாடி 60, 70-லேயே நிற்கிறது

என் பிரச்சினை இதுதான். இதயத்தின் இயல்பான துடிப்பைத் தொடங்கி வைக்கும் சைனஸ் கணு சோர்ந்துபோனவர்களுக்கு, உழைக்கும்போது துடிப்பு தானாக ஏறாது. கருவிதான் ஏற்றிவிட வேண்டும். உழைக்கிறோம் என்பதைக் கருவி எப்படித் தெரிந்துகொள்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பெரும்பாலான கருவிகளுக்குள் அசைவை உணரும் ஒரு சிறு உணரி உண்டு. செல்போனைத் திருப்பினால் திரையும் திரும்புகிறதே, அதே வகை. நடக்கும்போதும் ஓடும்போதும் மேலுடல் குலுங்குவதால் அதற்கு உழைப்பு புரிகிறது. சைக்கிளிலோ கால்தான் உழைக்கிறது. கைப்பிடியைப் பிடித்திருக்கும் மேலுடல் ஏறக்குறைய அசையாமல் இருக்கிறது. கருவியின் கணக்கில் அது உட்கார்ந்திருக்கும் ஆள். தலையில் சுமையோடு மெதுவாக நடப்பவருக்கும், நின்ற இடத்தில் மாவு பிசைபவருக்கும் இதே கதிதான்.

சந்தேகமிருந்தால் படிகளில் சோதித்துப் பாருங்கள். திருவந்திபுரத்தில் ஔஷதகிரிப் படிகளை ஏறி ஹயக்ரீவர் சந்நிதி வாசலில் எண்ணியபோது எனக்கு 78 இருந்தது. தரிசனம் முடித்து இறங்கிக் கீழே வந்து எண்ணியபோது 90. ஏறுவதுதான் உழைப்பு, ஆனால் இறங்கும்போதுதான் ஒவ்வொரு படியிலும் உடல் அதிர்கிறது. உணரி அதிர்வை எண்ணுகிறதே தவிர உழைப்பை அளப்பதில்லை. இறங்கும்போது எண்ணிக்கை கூடினால், உங்கள் கருவியில் ஆர் வசதி திறந்திருக்கிறது, ஆனால் அசைவை மட்டுமே நம்பியிருக்கிறது என்று ஊகிக்கலாம். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே எண்ணிக்கைதான் என்றால், அந்த வசதியே மூடியிருக்கலாம்.

கேட்க வேண்டியவை இவை. ஆர் மூடியிருந்தால் திறக்க முடியுமா? திறந்திருந்தால், எவ்வளவு அசைவிலிருந்து அது விழித்துக்கொள்ள வேண்டும் என்ற தொடக்க அளவைக் குறைத்து, அசைவுக்கு எவ்வளவு துடிப்பைக் கூட்ட வேண்டும் என்ற சரிவை உயர்த்த முடியுமா? எத்தனை நொடியில் ஏற வேண்டும், ஓய்ந்த பிறகு எத்தனை நிமிடத்தில் இறங்க வேண்டும் என்பவையும் தனித்தனி அளவுகள். முதல் இரண்டு கிலோமீட்டர் திணறிவிட்டுப் பிறகு சரியாகிறதென்றால் ஏறும் நேரத்தைச் சொல்லுங்கள். நின்றவுடன் தலை கிறுகிறுக்கிறதென்றால் இறங்கும் நேரத்தைச் சொல்லுங்கள்.

சில மாடல்களில் மூச்சை உணரும் இரண்டாவது உணரியும் உண்டு. கருவியிலிருந்து இதயத்துக்குப் போகும் கம்பியின் முனைக்கும் கருவியின் உடலுக்கும் இடையே மிக நுண்ணிய மின்னோட்டத்தை விட்டு, மூச்சோடு மார்பின் மின்தடை மாறுவதை வைத்து எவ்வளவு மூச்சு விடுகிறோம் என்று அது கணிக்கும். சைக்கிள்காரர்களுக்கு இது வரம். உங்கள் மாடலில் அது இருந்தும் மூடியே கிடக்கலாம், கேளுங்கள். இல்லாத உணரியை, அளவுகளை வெளியிலிருந்து மாற்றும் எந்த ப்ரோகிராமர் கருவியாலும் சேர்க்க முடியாது. ஆகவே இனிமேல்தான் கருவி பொருத்தப்போகிறவர்களும், பேட்டரி தீர்ந்து மாற்றப்போகிறவர்களும் தாங்கள் என்ன உழைப்பு உழைக்கிறவர்கள் என்பதை மாடலைத் தேர்ந்தெடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். பிறகு சொல்லிப் பயனில்லை.

எனக்குத் தொடக்க அளவை இரண்டு படி குறைத்துச் சரிவைக் கூட்டினார்கள். அடுத்த வாரம் அதே பாலத்தில் 94 வந்தது, இறங்காமல் கடந்தேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் கடலூர் முதுநகருக்கு டவுன் பஸ்ஸில் கடைசி இருக்கையில் உட்கார்ந்து போனபோது, பள்ளம் விழுந்த சாலையில் பஸ் குதித்த குதியைக் கருவி என் ஓட்டம் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. சும்மா உட்கார்ந்திருந்தவனுக்கு 102. அடுத்த செக்கிங்கில் ஒரு படி பின்வாங்கினோம். இப்போது பாலத்தில் 88, பஸ்ஸில் 80. இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம் இது.

நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று பிரேக் போட்டதுபோல் ஆகிறது

இது வேறு கதை. மேலே சொன்னதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே துடிப்பு ஏறவே இல்லை. இங்கே ஏறி, ஒரு உச்சத்தில் சட்டென்று பாதியாக விழுகிறது. சைனஸ் கணு நன்றாக இருந்து, மேல் அறையின் சமிக்ஞை கீழ் அறைக்குப் போகும் வழி மட்டும் முழுதாக அடைபட்டவர்களுக்கு, அதிலும் வயது குறைந்தவர்களுக்கு, இது வரும். எங்கள் தெருவில் நாற்பதைத் தாண்டிய ஒரு தம்பி அப்படி. ஷட்டிலில் இரண்டாவது ஆட்டத்தில் நீண்ட ராலி ஒன்றின் நடுவே, "யாரோ ஸ்விட்ச்சை அணைச்ச மாதிரி இருந்துச்சு சார்" என்றார். உடனே எண்ணச் சொன்னேன்: 66.

கணக்கைப் பாருங்கள். மேல் அறை துடித்த பிறகு கீழ் அறையைத் தூண்டக் கருவி சற்றே காத்திருக்கும். தாளில் அது ஏ.வி. இடைவெளி. கீழ் அறை துடித்த பிறகு, எதிரொலியைப் புதுத் துடிப்பு என்று ஏமாறாமல் இருக்க, மேல் அறையைக் கேட்கும் காதைக் கொஞ்ச நேரம் மூடிக்கொள்ளும். தாளில் அது பி.வி.ஏ.ஆர்.பி. அவருக்கு முதலாவது 150 மில்லி நொடி, இரண்டாவது 300. இரண்டும் சேர்ந்து 450. ஒரு நிமிடத்தில் 60,000 மில்லி நொடி இருப்பதால் அதை 450-ஆல் வகுத்தால் 133 வரும். மேல் அறை 133-ஐத் தாண்டியதும், ஒன்றுவிட்டு ஒரு துடிப்பு காது மூடியிருக்கும் நேரத்தில் விழுந்து கருவிக்குக் கேட்காமல் போகிறது. 134 என்பது 67 ஆகிவிடுகிறது. ஆட்டத்தின் உச்சத்தில் ரத்த ஓட்டம் அப்படிச் சரிந்தால் கால் துவளாமல் என்ன செய்யும்?

உங்கள் தாளில் உள்ள அந்த இரண்டு எண்களைக் கூட்டி வகுத்துப் பாருங்கள். வரும் விடை, மேல் எல்லையைவிட நன்றாக உயர்ந்திருக்க வேண்டும். அப்படி இருந்தால், மேல் எல்லையைத் தொடும்போது கருவி அவ்வப்போது ஒரு துடிப்பை மட்டும் விட்டு மெல்லத் தணியும். உங்களுக்கு லேசான தடுமாற்றம் மட்டும் தெரியும். இரண்டும் ஒட்டியிருந்தால்தான் இந்தத் திடீர் வீழ்ச்சி.

துடிப்பு ஏற ஏற ஏ.வி. இடைவெளி தானாகச் சுருங்கும் வசதியைத் திறப்பதும், பி.வி.ஏ.ஆர்.பி.யைக் குறைப்பதும் அல்லது அதையும் துடிப்போடு சுருங்க விடுவதும், அதன் பிறகு மேல் எல்லையை உயர்த்துவதும் வழி. அந்தத் தம்பிக்கு உழைப்பின்போது இவை 100, 240 என்று சுருங்கும்படி வைத்தார்கள். 340 மில்லி நொடி என்றால் 176 வரை இடமுண்டு. மேல் எல்லையை 150-இல் நிறுத்தினார்கள். இன்னும் ஏன் ஏற்றக் கூடாது என்று அவர் கேட்டது நியாயமே. இதய ரத்தக் குழாயில் அடைப்பு உள்ளவருக்கு வேகமான துடிப்பே நெஞ்சு வலியைக் கொண்டுவரும். காதை மூடும் நேரத்தை அதிகம் குறைத்தால், அடுத்துச் சொல்லப்போகும் படபடப்புக்குக் கதவு திறக்கும். ஆகவே ட்ரெட்மில்லில் ஓடவிட்டு ஈ.சி.ஜி. பார்த்த பிறகே மேல் எல்லையை உயர்த்துவது நல்லது.

சும்மா இருக்கும்போதே படபடப்பு

பஸ் கதையைச் சொல்லிவிட்டேன். அதுபோல, உணரி அளவுக்கு மீறிக் கூர்மையாக இருந்தால் கரடுமுரடான சாலையில் வண்டி ஓட்டும்போது படபடக்கும். நின்றால் சில நிமிடத்தில் தணியும்.

எந்தக் காரணமும் இல்லாமல் தொடங்கி, நாடி மிகச் சீராக, ஏறக்குறைய மேல் எல்லையின் எண்ணிலேயே நின்றால், கருவியும் இதயமும் ஒன்றையொன்று துரத்தும் சுழலாக இருக்கலாம். கீழ் அறையின் துடிப்பு பின்னோக்கி மேல் அறைக்குப் போய், அதைப் புதுத் துடிப்பு என்று கருவி எடுத்துக்கொண்டு மறுபடி கீழ் அறையைத் தூண்டும். இதை நிறுத்தும் வசதி பெரும்பாலான கருவிகளில் உண்டு. அது திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். மருத்துவர் கருவியின் மேல் காந்தத்தை வைத்தால் சுழல் அறுந்துவிடும். வீட்டில் காந்தம் வைத்துப் பார்க்கும் விளையாட்டு வேண்டாம்.

நாடி சீரே இல்லாமல் துள்ளினால் மேல் அறை நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம். கருவி அதைப் பதிவுசெய்து வைத்திருக்கும் என்பதால், நீங்கள் செய்ய வேண்டியது நாளையும் மணியையும் குறித்துக்கொண்டு சீக்கிரம் செக்கிங்குக்குப் போவது. இதை அலட்சியம் செய்ய வேண்டாம்: பக்கவாதத்தைத் தடுக்க ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து தேவையா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

கையை ஓங்கும்போது, இழுக்கும்போது தலை சுற்றுகிறது

கிணற்றில் நீர் இறைக்கும்போது, வலை இழுக்கும்போது, கருவி உள்ள பக்கத்துக் கையை வீசும்போது மட்டும் கண் இருட்டினால் அதை அமைப்புக் கோளாறு என்று ஆறப்போட வேண்டாம். கம்பியில் விரிசல் விட்டிருக்கலாம், கம்பி இடம் நகர்ந்திருக்கலாம், அல்லது மார்புத் தசையின் மின் ஓசையை இதயத் துடிப்பு என்று எண்ணிக் கருவி தூண்டாமல் இருந்துவிடலாம். முதல் இரண்டுக்குப் பெரும்பாலும் கம்பியையே சரிசெய்ய வேண்டிவரும். மூன்றாவதற்கு உணர்திறனை மாற்றினால் போதும். செக்கிங்கில் கம்பியின் மின்தடையை மட்டும் படுக்க வைத்து அளந்தால் எல்லாம் சரியாகவே தெரியலாம். எந்த அசைவில் வருகிறதோ அதே அசைவை அங்கேயே, ஈ.சி.ஜி. ஓடிக்கொண்டிருக்கும்போது செய்துகாட்டுங்கள். இரண்டு கைகளையும் கோத்து எதிரெதிராக இழுத்தும் காட்டுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

விக்கல்போல் வயிறு துடிக்கிறது

நாடியோடு ஒத்து, விலாவுக்குக் கீழே தசை துள்ளினால், தூண்டும் மின்சாரம் உதரவிதானத்தையோ அதன் நரம்பையோ தொடுகிறது. இடப்பக்கம் ஒருக்களித்தால் மட்டும் வருகிறதா என்று கவனியுங்கள். வோல்ட் அளவைக் குறைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் இதயத்தைத் துடிக்க வைக்கத் தேவையான குறைந்தபட்ச அளவைப்போல் ஏறக்குறைய இருமடங்கைப் பாதுகாப்புக்காக வைப்பது வழக்கம் என்பதால், எவ்வளவு குறைக்கலாம் என்பதற்கு ஒரு எல்லை உண்டு. பொருத்திய முதல் வாரங்களில் புதிதாக வந்தால் கம்பி நகர்ந்ததன் அடையாளமாக இருக்கலாம், உடனே போங்கள்.

இரவில் நாடி 50 காட்டுகிறது

தூக்கத்துக்கென்று தனிக் கீழ் எல்லை வைத்திருப்பார்கள். அல்லது இதயம் தானாகத் துடிக்க வாய்ப்புத் தந்து சற்றுக் காத்திருக்கும் வசதி திறந்திருக்கும். தாளைப் பாருங்கள். இரவுப் பணிக்குப் போகும் சிப்காட் தொழிலாளர்கள் மட்டும், தூங்கும் நேரம் இன்னது என்று முன்பே சொல்லிவிட வேண்டும். கருவியின் கடிகாரத்துக்கு ஷிப்ட் தெரியாது.

பல ஆண்டு நன்றாக இருந்து, திடீரென்று ஒரு வாரமாகச் சோர்வு

பேட்டரியை முதலில் பாருங்கள். மாற்ற வேண்டிய கட்டத்தை எட்டியதும், மின்சாரத்தை மிச்சப்படுத்தச் சில கருவிகள் தாமாகவே வி.வி.ஐ. முறைக்கு, நிமிடத்துக்கு 65 என்று இறங்கிவிடும். ஆர் வசதி போய்விடும். மேல் அறையும் கீழ் அறையும் சேர்ந்து இயங்குவதும் போய்விடும். கழுத்தில் ரத்தக் குழாய் துள்ளுவது, படியேறத் திணறுவது எல்லாம் இதனால் வரும். நாடி எப்போது எண்ணினாலும் அசையாமல் 65 என்றால் சந்தேகப்படுங்கள். பொதுவாக இந்த எச்சரிக்கைக்குப் பிறகும் மூன்று மாத அளவுக்குப் பேட்டரியில் தெம்பு இருக்கும். பதற்றம் வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம்.

பேட்டரி நன்றாக இருந்தால் எக்கோ (இதயத்தின் ஸ்கேன்) எடுக்கச் சொல்லுங்கள். வலது கீழ் அறையிலிருந்தே ஆண்டுக்கணக்கில் தூண்டுவதால் சிலருக்கு இதயத்தின் பம்பு வலு குறைவதுண்டு. அச்சுத்தாளில் கீழ் அறைத் தூண்டல் எத்தனை சதவீதம் என்று பார்ப்பது இதற்காகத்தான். இரண்டும் சரியென்றால் மெஷினை விட்டுவிட்டு ரத்தசோகை, தைராய்டு, புதிதாகத் தொடங்கிய ரத்த அழுத்த மாத்திரை பக்கம் போக வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் காலை பத்து மணிக்குச் சில்வர் பீச்சில் ஓடிவிட்டுக் கருவியைக் குறை சொல்பவர்களுக்கு ஒரு சொம்பு மோர்தான் மருந்து.

சாதனங்களும் விளையாட்டுகளும்

செல்போன் கருவியிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருந்தால் போதும். சட்டையின் இடப் பையில் வைக்காதீர்கள், வலக் காதில் பேசுங்கள். கருவி வலப்பக்கம் இருந்தால் இதை அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து 60 செ.மீ. விலகி நில்லுங்கள். வாசலில் வைக்கும் மெட்டல் டிடெக்டரை நிற்காமல் நடந்து கடக்கலாம். வெல்டிங் வேலை செய்பவர்கள், இயந்திரத்தின் ஆம்பியர் அளவோடு கருவிக் கம்பெனியின் கருத்தை மருத்துவர் மூலம் கேட்ட பிறகே தொட வேண்டும்.

பொருத்திய பிறகு நான்கு முதல் ஆறு வாரம் கருவி உள்ள பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் தூக்காதீர்கள். தோளை அசைக்காமலே வைத்து இறுக்கியும் விடாதீர்கள். புண் ஆறிய பிறகு மருத்துவர் சம்மதத்தோடு நீந்தலாம், ஓடலாம். கருவியின் மேல் நேரடியாக அடிபடும் கபடி வேண்டாம். புதுச்சேரிக் கடலில் ஸ்கூபா செய்ய ஆசைப்படுபவர்கள், தங்கள் மாடல் எவ்வளவு நீரழுத்தம் தாங்கும் என்று கம்பெனி எழுத்தில் தந்த அளவைப் பார்க்காமல் இறங்கக் கூடாது.

செக்கிங் அறையில்

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் கேளுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது. இரண்டு வாரம் அதே பாதையில், அதே நேரத்தில் ஓட்டி எண்ணிப் பாருங்கள். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் உள்ள அளவுகளின் அச்சுத்தாளை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறு மருத்துவர் இருந்தாலும், வேறு ஊரில் இருந்தாலும் அது பேசும்.

ப்ரோகிராமரை அணைக்கும் முன் நடந்து காட்ட அனுமதி கேளுங்கள். நான் கேட்டபோது டெக்னீஷியன் தம்பி, "படியே ஏறிடுங்க சார், நான் கூட வர்றேன்" என்றார். மூன்று மாடி ஏறினோம். முதல் முறை 74, அமைப்பை ஒரு படி மாற்றிய பிறகு 86. மூன்றாவது முறை 97 வந்தபோது, அவர்தான் முதலில் மூச்சு வாங்க உட்கார்ந்தார்.